மொரீஷியஸின் குவாத்ர் போர்ன் நகரில் பிள்ளைகளோடு ஒரு நாள், கார் இல்லாமல்

கேள்வி: வணக்கம். அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள். சந்தை பார்த்துவிட்டு வேறு எங்கே போகலாம்? எந்தக் கிழமை நல்லது?

பதில் 1: என்ன வாங்கப் போறீங்க என்பதைப் பொறுத்தது. காய்கறிக்குப் புதன், சனி. துணிமணிக்கு வியாழன், ஞாயிறு. ஞாயிறன்று முருங்கைக்காய் தேடிப் போனால் சட்டைதான் மாட்டும்.

பதில் 2: சந்தை முடிந்ததும் மெட்ரோவில் கியூர்பிப் நகருக்குப் போங்க, 2022இலிருந்து அதுவரை ஓடுகிறது. அங்கே தாவரவியல் பூங்காவில் ஹையோஃபோர்பி அமரிகாலிஸ் பனை நிற்கிறது. அந்த இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியது அந்த ஒரு மரம்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்க. த்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாயும் கியூர்பிப்பில்தான், மேட்டில் இருக்கிறது. அம்மாவை நடக்க வைக்காதீங்க, டாக்சி பிடிங்க. ஏறும் முன்னே கட்டணம் பேசிக்கணும்.

பதில் 3: கியூர்பிப் மேட்டுநிலம், வெயில் அடிக்கும்போதே தூறும். ஜூலை என்றால் இங்கே குளிர்காலம், ஸ்வெட்டரும் வேணும். குடையைவிட மழைக்கோட்டு மேல். எரிமலை விளிம்பில் காற்று குடையை மடக்கிவிடும்.