பட்டாலையில் விரித்த சாக்கு

குழு: கானாடுகாத்தான் வீடு

வள்ளி, காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். ஊருணிக் கரையில் கிடந்த செவலை நாய்க்குட்டியை நானும் அப்பத்தாவும் நம் வீட்டிலேயே வளர்ப்பதாக முடிவு செய்துவிட்டோம். நேற்று ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தோம். பின்னங்கால் இரண்டிலும் இடுப்பு மூட்டு சரியாக வளரவில்லை. தொடை எலும்பின் பந்து, கிண்ணத்துக்குள் ஆழமாக உட்காராமல் விளிம்பில் ஆடுகிறது. அதனால்தான் முயல் போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்துக் குதிக்கிறது.

சென்னை அத்தை, 7:20
வண்டியில் அடிபட்டது என்றல்லவா சொன்னாய்?

வள்ளி, 7:23
அப்படித்தான் நினைத்தேன் அத்தை. எலும்பு எங்கும் முறியவில்லை. இது தாய் தகப்பன் வழியில் வருவது. பிறக்கும்போது தெரியாது, வளர வளரத்தான் மூட்டு தளரும்.

தேவகோட்டைப் பெரியப்பா, 7:41
நல்ல காரியம்தான் ஆத்தா. ஆனால் தை மாதம் என் அறுபதாம் கல்யாணம் அந்த வீட்டில் நடக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் பட்டாலைக் கூடம் முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறது. அப்பச்சி பார்த்துப் பார்த்துப் பதித்த ஆத்தங்குடிக் கல். அதையா மூடுவது?

வள்ளி, 7:50
பெரியப்பா, அந்தக் கல்தான் இதற்கு எதிரி. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறுகிற கல். நான்கு மாதக் குட்டி எழுந்து நின்றாலே பின்னங்கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துபோகின்றன. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் மூட்டு இன்னும் தேய்கிறது. முதலில் கோரைப்பாய் போட்டேன். பாயும் குட்டியோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. சாக்குதான் காலுக்குப் பிடி கொடுத்தது. நேற்று இரவு முதன்முறையாக விழாமல் பத்து அடி நடந்து அப்பத்தாவின் கட்டில் வரை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, 8:05
அறுவை சிகிச்சை உண்டா? பணம் நான் அனுப்புகிறேன்.

வள்ளி, 8:14
உண்டு சித்தப்பா, ஆனால் இப்போது அவசரமில்லை என்றார் மருத்துவர். வளர்ந்த பிறகும் வலி அடங்காவிட்டால் தொடை எலும்பின் தலைப்பகுதியை எடுத்துவிடும் அறுவை செய்யலாம். சுற்றியுள்ள தசை அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்குத் தசை பலமாக இருக்க வேண்டும். அதனால் சும்மா படுக்கப் போடவும் கூடாது, ஓடவிடவும் கூடாது. வாரில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நான்கு முறை நடை. படி ஏறக் கூடாது, தாவக் கூடாது. எடை கூடவே கூடாது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

சென்னை அத்தை, 8:19
பாவம், வலிக்குமே. என் மூட்டு வலி மாத்திரையில் கால் பங்கு கொடுத்துப் பாரேன்.

வள்ளி, 8:20
ஐயோ அத்தை, வேண்டவே வேண்டாம்! நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நாய்க்கென்றே தனி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சாப்பாட்டோடு மட்டும் கொடுக்கிறேன்.

காரைக்குடி அண்ணன், 8:31
கால்சியம் பொடி வாங்கி வரவா?

வள்ளி, 8:33
நானும் கேட்டேன் அண்ணா. வளரும் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடுமாம். அவர்களாகச் சொன்னால் பார்ப்போம். நீந்தினால் நல்லது என்றார்கள், மூட்டில் பாரம் விழாது. ஊருணி குடிநீர், அதில் இறக்கக் கூடாது. கண்மாயில் தண்ணீர் இருக்கும்வரை கூட்டிப்போக நீங்கள் வருவீர்களா? முகப்பிலிருந்து தெருவுக்கு ஐந்து கல்படி. இப்போது ஏழு கிலோ, நான் தூக்கிவிடுகிறேன். பங்குனியில் நான் வேலைக்குத் திரும்பிவிட்டால் அப்பத்தாவால் தூக்க முடியாது.

காரைக்குடி அண்ணன், 8:40
தச்சரிடம் சொல்லிச் சாய்வுப் பலகை ஒன்று போட்டுவிடலாம், மேலே கயிறு சுற்றி. நீ போன பிறகு காலை, மாலை நடை என் பொறுப்பு. மதியத்துக்கு ஆள் பார்க்க வேண்டும்.

அப்பத்தா, 9:02 (குரல் பதிவு, வள்ளி எழுதியது)
பெரியவனே, உன் அப்பச்சிக்கு இடுப்பு ஒடிந்த வருஷம் நினைவிருக்கிறதா? இதே பட்டாலையில் அவர் கோலூன்றி நடக்கப் பழகினார். காரைக்குடிக்குப் போய்ச் சாக்கு வாங்கி வந்து விரித்தவன் நீதான். ஆறு மாதம் கிடந்தது. கல் அழகு மறைகிறது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. இது ராத்திரியில் நான் எழுந்தால் தானும் எழுந்து பார்க்கிறது. நிற்க முடியாமல் எழுந்து பார்க்கிறது. இதை நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

தேவகோட்டைப் பெரியப்பா, 9:47
கேட்டேன் ஆத்தா. இரண்டு முறை கேட்டேன்.

தேவகோட்டைப் பெரியப்பா, 9:52
வள்ளி, சாக்கு நனைந்தால் நாற்றம் எடுக்கும். அடியில் ரப்பர் ஒட்டிய தேங்காய் நார் விரிப்பு சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களிலும் பாதிப் பேர் வயதானவர்கள், அன்றும் அது கிடக்கட்டும். நீள அகலம் அளந்து அனுப்பு.

வள்ளி, 9:54
நன்றி பெரியப்பா. இன்னொன்று, பந்தியில் மிஞ்சுவதை யாரும் அன்பாக அதற்குப் போட்டுவிடக் கூடாது. வெங்காயம் நாய்க்கு விஷம். சமையல்காரரிடம் நீங்களே சொன்னால் கேட்பார்.

தேவகோட்டைப் பெரியப்பா, 9:55
சொல்கிறேன். வெறிநாய்த் தடுப்பூசி?

வள்ளி, 9:56
முதல் ஊசி போட்டாகிவிட்டது, அட்டை இருக்கிறது.

வள்ளி, 10:20
இருபத்திரண்டு அடிக்குப் பதினான்கு. நிலைப்படிக்கு முன்னால் தனியாக ஒரு துண்டு வேண்டும், தண்ணீர் குடிக்க அங்கேதான் வருகிறது.