மெக்கானிக்கல் மாணவருக்கு வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப்: போகலாமா?

மூன்றாமாண்டு மெக்:
கரூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. புனேயில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் தருகிறது. சாலிட்ஒர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் டிராயிங் வேலை, மாதம் 5000 ரூபாய். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான்கு வாரம் நேரில் வரச் சொல்கிறார்கள், பணம் கிடையாது. எதற்குப் போகலாம்?

அம்பத்தூர் டூல்ரூம்:
தம்பி, யோசிக்காமல் கோவைக்குப் போங்கள். போன வருடம் எங்களிடம் சேர்ந்த ஒரு பையன் இரண்டு ஆன்லைன் இன்டர்ன்ஷிப் சான்றிதழோடு வந்தான். மாடலிங் அருமையாகச் செய்வான். ஒரு புஷ் (தண்டு நுழையும் உருளை வளையம்) டிராயிங்கில் துளைக்கு 25 எச்7 என்று போட்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "பழைய டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது சார்" என்கிறான். 25 எச்7 என்றால் துளை 25.000 மில்லிமீட்டருக்கும் 25.021 மில்லிமீட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெறும் 21 மைக்ரான், தலைமுடி கனத்தில் பாதிகூட வராது. துளை சரியான அளவா என்று சோதிக்கும் பிளக் கேஜை அவன் கையில் கொடுத்தேன். அதன் 'கோ' பக்கம் நுழைய வேண்டும், 'நோ-கோ' பக்கம் நுழையக் கூடாது. ரீமர் போட்டு அளவுக்குச் சீராக்கிய துளையில் 'கோ' பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, 'நோ-கோ' பக்கம் வாயிலேயே நின்றது. வெறும் டிரில் போட்ட துளையில் நோ-கோவும் உள்ளே போய் ஆடியது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். இதை எந்தத் திரையில் காட்டுவீர்கள்?

டிசைன் அக்கா:
அண்ணா, கேஜ் விஷயம் சரி. ஆனால் அந்தப் பையனிடம் "ஏன் எச்7" என்று அதுவரை யாருமே கேட்கவில்லை, அதுதான் குறை. நான் தேனிக்காரி. 2021-இல் கொரோனா நேரம், இன்டர்ன்ஷிப்பே வீட்டிலிருந்துதான். என் கைடு தினமும் மாலை ஆறு மணிக்குத் திரையைப் பகிரச் சொல்வார். முதல் டிராயிங் முழுக்கச் சிவப்புக் குறிகள். "டேட்டம் ஏ-யை, அதாவது அளவுக்கு ஆதாரமான பரப்பை, இங்கே வைத்தால் இன்ஸ்பெக்டர் பாகத்தை எதன் மேல் உட்கார வைத்து அளப்பார்?" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. டிராயிங்கைத் திருத்தும்போது ரிவிஷன் எண் எப்படி ஏறுகிறது, ஒரு அளவை மாற்றினால் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நேரில் போன என் தோழிகள் பலர் மூலையில் நின்று மெஷினை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். அப்புறம், கோவையில் ஒரு மாதம் ரூம் வாடகை, சாப்பாட்டுச் செலவு யார் கொடுப்பது?

அம்பத்தூர் டூல்ரூம்:
அந்த மாதிரி கைடு கிடைத்தால் நான் வாதாட மாட்டேன். எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பணம் கட்டினால் சான்றிதழ் என்று எத்தனை விளம்பரம் வருகிறது! தொழில்நுட்பக் கல்வியை முறைப்படுத்தும் ஏஐசிடிஇ-யின் இன்டர்ன்ஷிப் கொள்கை ஒரு கிரெடிட்டுக்கு 40 முதல் 45 மணி நேர வேலை என்கிறது. மணி நேரத்தைக் காகிதத்தில் நிரப்பிவிடலாம், கை பழகியதை நிரப்ப முடியாது.

மூன்றாமாண்டு மெக்:
கம்பெனியில் கேட்டேன். லேப்டாப், சாஃப்ட்வேர் இரண்டும் என்னுடையதாம். என்னிடம் மாணவர் பதிப்புதான் இருக்கிறது.

டிசைன் அக்கா:
அதை ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. மாணவர் பதிப்பு படிப்புக்கு மட்டும். அதில் செய்த டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்தால் படிப்புக்கு மட்டும் என்ற முத்திரையும் சேர்ந்தே வரும். லைசென்ஸ் தர வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கணினிக்கு லாகின் தர வேண்டும். யார் கைடு, வாரத்தில் எத்தனை நாள் பார்ப்பார் என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாமாண்டு மெக்:
பதில் வந்துவிட்டது. லாகின் தருகிறார்கள். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஒரு சீனியர் என் டிராயிங்கைப் பார்ப்பாராம். சேரலாம் என்று இருக்கிறேன்.

அம்பத்தூர் டூல்ரூம்:
சரி, சேருங்கள். ஆனால் சனிக்கிழமைகளில் வரைந்ததை எடுத்துக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்குப் போங்கள்.

டிசைன் அக்கா:
ஐயோ, கம்பெனி டிராயிங்கை வெளியே காட்டவே கூடாது! சேரும்போதே ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்குவார்கள்.

அம்பத்தூர் டூல்ரூம்:
அது நியாயம், என் தவறு. சொந்தமாக ஒரு புஷ் வரையுங்கள். 25 எச்7 துளையோடு ஒன்று, டாலரன்ஸை, அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசத்தை, தளர்த்தி ஒன்று. இரண்டுக்கும் லேத்துக்காரர் என்ன கூலி கேட்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாமாண்டு மெக்:
எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது அண்ணா. இந்தச் சனிக்கிழமையே இரண்டு டிராயிங்கோடு போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.