ரெஸ்லிங் வைத்து எடுத்த திகில் படம் எதுவாவது உங்களை நிஜமாகவே பயமுறுத்தியிருக்கிறதா?

கடைசிவரிசை:

நேற்று ராத்திரி 'டார்க் மேட்ச்' பார்த்தேன். லோவெல் டீன் இயக்கிய கனடா படம், 2024இல் வந்தது. கதை நடப்பது 1988இல். ஒரு சின்ன ரெஸ்லிங் கம்பெனிக்கு எங்கோ காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு வருகிறது, பணம் நிறையத் தருகிறோம், வந்து ஆடிவிட்டுப் போங்கள் என்று. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மதக் கும்பல், அதன் தலைவனாக நிஜ ரெஸ்லர் கிறிஸ் ஜெரிக்கோ. முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, குறிப்பாக எப்போதும் வில்லியாகவே நிறுத்தப்பட்டுத் தோற்கச் சொல்லப்படுகிற அந்தப் பெண்ணின் கோபம். அவள் உடை மாற்றும் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏதோ நடக்கப் போகிறது என்று தோன்றியது.

ஆனால் கொலைகள் ஆரம்பித்த பிறகு எனக்குப் பயம் வரவில்லை. எல்லாம் ரிங்குக்குள்ளேதான் நடக்கிறது, ரத்தத்துக்கும் குறைவில்லை, அப்புறமும் வரவில்லை. ஏன் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து ரெஸ்லிங் பார்க்கிறவன் நான், முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது என்று தெரிந்த பிறகும் பார்ப்பதை விடவில்லை. அதற்குள்ளேயே ஒரு பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் படங்கள் எல்லாம் ரெஸ்லரை ஒரு பெரிய உடம்பாக மட்டும் எடுத்துக்கொண்டு கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகின்றன. ரெஸ்லிங்கே பயமாக மாறுகிற படம் ஏதாவது இருக்கிறதா? குறைந்த செலவில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லப்போனால் அப்படிப்பட்டதுதான் எனக்கு வேண்டும்.

முகமூடிப்பித்து:

'ரெஸ்ல்மேனியாக்' பார்த்திருக்கிறீர்களா? 2006, ஜெஸ்ஸி பேஜெட் இயக்கியது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மெக்ஸிகோவில் ஆளில்லாத ஒரு ஊரில் ஒரு படப்பிடிப்புக் குழு மாட்டிக்கொள்கிறது, அங்கே முகமூடி போட்ட ஒரு பைத்தியக்கார ரெஸ்லர். அந்த வேடத்தில் நடித்தவர் நிஜமான லூச்சடோர், அதாவது மெக்ஸிகோ ரெஸ்லர், ரே மிஸ்டீரியோ சீனியர். நடிப்பு சுமார்தான், ஆபாசப் படம் எடுக்க வந்த குழு என்பதால் முதல் அரை மணி நேரத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் படம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. மெக்ஸிகோவின் ரெஸ்லிங்கான லூச்சா லிப்ரேயில் முகமூடியைப் பந்தயம் வைத்து ஆடும் ஆட்டங்கள் உண்டு. தோற்றவன் கூட்டத்துக்கு முன்னால் முகமூடியைக் கழற்றியாக வேண்டும், கழற்றியதைத் திரும்பப் போட முடியாது, அவன் யார் என்பது அத்தோடு முடிந்தது. எல் சாண்டோ என்ற முகமூடி ரெஸ்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், 1962லேயே ரத்தக்காட்டேரிப் பெண்களோடு சண்டை போட்ட மனிதர். பல பத்தாண்டுகள் முகத்தைக் காட்டாமலே வாழ்ந்துவிட்டு 1984இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். சில நாட்களில் மாரடைப்பில் இறந்துபோனார். அந்த வெள்ளி முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

'ரெஸ்ல்மேனியாக்'கில் அந்தக் கொலைகாரன் தோற்றவர்களின் முகமூடியை உரிக்க வருகிறான். அவர்கள் யாரும் முகமூடி போட்டிருக்கவில்லை. அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, முகத்தையே உரிக்கிறான். கதையில் இந்த ஒரு யோசனைக்காக மற்ற எல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன்.

மூன்றுஎண்ணும்முன்:

முகமூடி விஷயம் நல்ல விஷயம், ஆனால் கேள்வி கேட்டவர் சொல்கிற பயம் வேறு என்று நினைக்கிறேன். ரெஸ்லிங்கில் எதிரே நிற்பவன் எதிரி கிடையாது, உங்கள் உயிரைக் கையில் வைத்திருப்பவன். தலைகீழாகத் தூக்கி வைத்திருக்கும்போது உங்கள் கழுத்து அவனுடைய முழங்காலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்கள் பார்க்க முடியாது.

1997இல் சம்மர்ஸ்லாம் என்ற பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில், அதாவது ஆளைத் தலைகீழாகப் பிடித்துத் தலையோடு இறக்கும் அடியில், ஸ்டீவ் ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் இறங்கியது. ஆஸ்டினால் கை கால் அசைக்க முடியவில்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு எந்தப் பேய்ப்படத்தையும் விடப் பயங்கரம். ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டும் சீண்டிக்கொண்டும் நேரத்தை ஓட்டுகிறார், ஆஸ்டினுக்குக் கொஞ்சம் உணர்வு திரும்பட்டும் என்று. கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கத்துகிறது. கடைசியில் ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பேசி வைத்தபடி ஜெயிக்கிறார். நிஜமாக அடிபட்டவன் நிஜமில்லாத ஆட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் கைதட்டுகிறார்கள்.

நிஜமாக அடிபட்டுவிட்டால் ரெஃப்ரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக் காட்டுவார், பெருக்கல் குறி மாதிரி. இப்போது இந்த சைகை ரசிகர்களுக்கும் தெரிந்துவிட்டதால் அதையே கதையிலும் பயன்படுத்துகிறார்கள், ஆக அதையும் நம்ப முடியாது. ரெஃப்ரி கையைக் குறுக்காகப் பிடித்தபடி நிற்கிறார், ஒருவரும் வரவில்லை, கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டுகிறது. இந்த ஒரு காட்சியை வைத்து முழுப் படம் எடுக்கலாம். செலவு என்று பார்த்தால் ஒரு ரிங்கும் ஒரு ஹாலும். விளக்கு மேலிருந்து ரிங்கில் மட்டும் விழும், சுற்றிலும் இருட்டு, முப்பது பேரை உட்கார வைத்தால் முந்நூறு பேர் மாதிரி தெரியும்.

பழையவிசிறி:

நீங்கள் இரண்டு பேரும் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 'பெரிய உடம்பாக மட்டும்' என்று அவ்வளவு லேசாக ஒதுக்க வேண்டாம். 2006இல் ரெஸ்லர் கேன் நடித்து 'ஸீ நோ ஈவில்' வந்தது, பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ தன் சொந்த சினிமாக் கம்பெனி வழியாக தியேட்டருக்குக் கொண்டுவந்த முதல் படம். கதை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது, பாழடைந்த ஹோட்டலைச் சுத்தம் செய்ய வந்த இளம் கைதிகளை ஒருவன் வேட்டையாடுகிறான், அவ்வளவுதான். ஆனால் கேன் ஒரு கதவுக்குள் நுழையும்போது தோள் நிலையில் உரசுகிறது பாருங்கள், அந்த அகலத்தை எந்த மேக்கப்பாலும் கொண்டுவர முடியாது. இவர்களுக்கு விழத் தெரியும், ஆளைத் தூக்கத் தெரியும், வாயைத் திறக்காமலே கடைசி இருக்கைக்குக் கோபத்தைக் காட்டத் தெரியும். டூப்பும் கம்பியும் வேண்டியதில்லை, வெட்டி ஒட்டி ஏமாற்ற வேண்டியதும் இல்லை. கையில் பணமில்லாத இயக்குநருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அந்த உடம்பைச் சரியாகப் படமெடுத்தாலே பாதிப் பயம் வந்துவிடும்.

அடித்தளஒலி:

நான் ரெஸ்லர் இல்லை, ஒலிப்பதிவு செய்கிறவன். சில வருஷம் முன்னால் ஒரு குறும்படத்துக்காக ரெஸ்லிங் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். விழுகிற சத்தத்தைப் பிடிக்க ரிங்குக்கு அடியில் மைக் வைக்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். பக்கவாட்டில் தொங்குகிற துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன், நிமிர முடியாது, தவழ வேண்டும். தலைக்கு மேலே இரும்புச் சட்டங்கள், அதற்கு மேலே பிளைவுட் பலகைகள், அதற்கும் மேலே மெல்லிய ஃபோமும் கான்வாஸும். பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அடியில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒருவர் முதுகு அடித்து விழும்போது பலகை வளைந்து இடுக்கு வழியாகத் தூசி என் முகத்தில் கொட்டியது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. அடியிலிருந்து கேட்டால் அவர்கள் பேசுவது கேட்கிறது. வெளியே யாருக்கும் கேட்காது. பிடியில் இருக்கும்போது காதோடு காதாக, "அடுத்து கயிறு", "தோள் வலிக்குது, இந்தப் பக்கம் வேணாம்", "சரியா இருக்கியா?" என்று. கையை லேசாக அழுத்துவார்களாம், பதிலுக்கு அழுத்தினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மேலே இரண்டு பேர் கொலைவெறியோடு கத்துகிறார்கள், நடுநடுவே ஒரு அண்ணன் தம்பியை விசாரிக்கிற குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இன்னும் அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கேமராவை மேலே கொண்டுபோகாமல் அடியிலேயே வைத்துவிட வேண்டும். ஒருவர் "சரியா இருக்கியா?" என்று கேட்கிறார். பதில் இல்லை. திரும்பக் கேட்கிறார். ஆட்டம் நிற்கவில்லை, தூசி கொட்டிக்கொண்டே இருக்கிறது.

கடைசிவரிசை:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'டார்க் மேட்ச்'சில் எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று இப்போது புரிகிறது. கும்பல் ஆடச் சொல்லும் ஆட்டங்களில் எதிரே நிற்பவன் முதலிலிருந்தே கொல்ல வந்தவன், நம்பி ஏமாற அங்கே எதுவும் இல்லை. பழையவிசிறி, கேன் பற்றிச் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன், அந்தப் படத்தை அவசரமாக ஒதுக்கிவிட்டேன். 'ரெஸ்ல்மேனியாக்' இன்றைக்கு ராத்திரியே பார்க்கிறேன். அடித்தளஒலி, ஒன்று மட்டும் கேட்கணும்: அந்தப் பேச்சுக் குரலைக் குறும்படத்தில் பயன்படுத்தினீர்களா?

அடித்தளஒலி:

இல்லை. இரைச்சல் என்று எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விழுகிற சத்தம் மட்டும்தான் படத்தில் இருக்கிறது.