மின்தடையில் கணினி ஹைபர்னேட் ஆக வேண்டும்: டெபியன் 12 பயனர்களின் உதவி தேவை

வணக்கம். மன்னார்குடி அருகே எங்கள் வீட்டுக் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) இயங்குகிறது. நினைவகம் 8 ஜிபி, நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்க வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகிர்வு 10 ஜிபி. குறுவை நடவு, உரம், ஆள்கூலி ஆகியவற்றின் கணக்கை அப்பா இதில்தான் லிப்ரே ஆபிஸில் எழுதி வருகிறார். காற்றும் மழையுமான நாட்களில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுவதால், யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் கணினி தானாகவே ஹைபர்னேட் ஆகி (நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டு அணைந்து), பின்னர் இயக்கும்போது திறந்திருந்த கோப்புகளோடு விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்பது எங்கள் தேவை.

ஹைபர்னேட் கட்டளை கொடுத்தால் கணினி ஒழுங்காக அணைகிறது. ஆனால் மறுபடி இயக்கும்போது எதையும் மீட்காமல் புதிதாகவே தொடங்குகிறது. செக்யூர் பூட் (தொடக்கத்தில் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது என்பதால் அதை நிறுத்திவைத்திருக்கிறேன். இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பில், எங்கிருந்து மீட்க வேண்டும் என்று சொல்லும் ரெஸ்யூம் என்பதற்கு ஸ்வாப் பகிர்வின் யுயுஐடி என்ற அடையாள எண்ணைக் கொடுத்து, க்ரப்பையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்தாயிற்று. இதற்கு மேல் எங்கே பார்க்க வேண்டும்? ஸ்வாப் பகிர்வைக் கண்டறிவதற்கு முன்பே கெர்னல் மீட்பைக் கைவிட்டுவிடுகிறதா என்பதை எந்தப் பதிவில் (லாக்) அறியலாம்?

யுபிஎஸ் யுஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டுள்ளது. யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளின் அமைப்புக் கோப்பில், கணினியை அணைக்கும் கட்டளைக்குப் பதிலாக ஹைபர்னேட் கட்டளையை எழுதிப் பயன்படுத்துபவர்கள் இருந்தால், அது நம்பகமாக இயங்குகிறதா என்பதையும் தெரிவியுங்கள். தேவைப்படும் பதிவுகளை இங்கேயே இடுகிறேன்.