டெஃப் பக்கெட்ட ஸ்டாக் வச்சா காசு கரியாமே?

வேலூர்வேன்:
டெஃப்னா டீசல் வண்டிப் புகையச் சுத்தமாக்க தனி டேங்குல ஊத்தற யூரியாத் தண்ணி, தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நேத்து இன்னொரு திரியில டீசல்தாத்தா ஒரே போடா போட்டிருந்தாரு, "டெஃப் பக்கெட்ட மொத்தமா வாங்கி ஷெட்ல அடுக்கறவன் காச கரியாக்கறான், நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு ஆறு மாசம்தான் ஆயுசு"ன்னு. என்னைத்தான் சொல்றாரு, ஏன்னா பிப்ரவரில அஞ்சு பக்கெட் வாங்கி போட்டோ போட்டவன் நான் ஒருத்தன்தான். அஞ்சா எடுத்தா பக்கெட்டுக்கு நூறு ரூபா குறைச்சாங்க, எடுத்தேன், இதுல என்ன தப்பு. நம்ம வண்டி டூரிஸ்ட் வேன், திருப்பதி ஏலகிரி ஏற்காடுன்னு ஓடுது, ராத்திரி ரெண்டு மணிக்கு மலை அடிவாரத்துல யூரியா லைட் எரிஞ்சா அங்க எந்தக் கடை தொறந்திருக்கும்? இன்னும் ரெண்டு பக்கெட் சீல் பிரிக்காம இருக்கு. யூரியாவும் தண்ணியும்தானே, பாலா தயிரா புளிச்சுப் போக?

டீசல்தாத்தா:
நான் யார் பேரையும் சொல்லல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது, அவ்ளோதான்.
ஆறு மாசம்ங்கறது என் சொந்தக் கணக்கு இல்ல தம்பி, டெஃப்புக்கான உலகத் தர விதி ஐஎஸ்ஓ 22241 சொல்றது. 10 டிகிரிக்குள்ள வச்சா 36 மாசம், 25ன்னா 18, 30ன்னா 12, 35ன்னா 6. அதுக்கு மேல சூடு போனா மாசக் கணக்கே கிடையாது, ஊத்தறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக்கோன்னு விட்டுட்டான். உங்க ஷெட்டு தகரக் கூரை, போட்டோல பாத்தேன். கத்திரி வெயில்ல வேலூர்ல தகரத்துக்குக் கீழ எத்தன டிகிரி? அத மட்டும் சொல்லுங்க.

வேலூர்வேன்:
பக்கெட்டுலயே 12 மாசம்னு போட்டிருக்கு சார். தயாரிக்கறவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

டீசல்தாத்தா:
எத்தன டிகிரி?

மதுரைமச்சான்:
தாத்தா ஐஎஸ்ஓவுக்கு கெடா வெட்டி பொங்கல் வைக்காத குறைதான் 😂 அண்ணே எனக்கும் மேலூர் ரோட்டுல வண்டி ஓடுது, போன சித்திரைல வாங்கினத தைப் பொங்கலுக்குத்தான் ஊத்துனேன், வண்டி பாட்டுக்கு ஓடுது. ஐஎஸ்ஓ எழுதுனவன் ஜெர்மன்காரனா இருப்பான், அவனுக்கு 35 டிகிரின்னாலே ஜொரம் வந்துரும்.

கோவைஸ்பேனர்:
ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. "கெட்டுப்போறது"ன்னா எதைச் சொல்றீங்க, மொதல்ல அத முடிவு பண்ணிட்டு சண்ட போடுங்க. சூட்டுல யூரியா சிதைஞ்சு அமோனியாவா போறது ஒண்ணு. மூடி லூஸா இருந்து தண்ணி ஆவியாகி கெட்டியாறது ரெண்டு. தூசி, துரு விழறது மூணு. மூணும் வேற வேறங்க. டெஃப்ல யூரியா 32.5 சதம் இருக்கோணும், மிச்சம் உப்பு எடுத்த சுத்தத் தண்ணி. புது வண்டிங்கள்ல அந்த அளவைப் பாக்கறதுக்கே சென்சார் இருக்குதுங்க, மாறிப்போச்சுன்னா லைட்டப் போட்டு இழுவையக் கொறைச்சுப்போடும். மாசத்த எண்ணறத விட்டுட்டு ரிஃப்ராக்டோமீட்டர்ல, அதான் யூரியா எத்தன சதம்னு காட்டற கருவில, ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. அதுவும் டெஃப்புக்குன்னு அளவு போட்டதா வாங்கோணும், பேட்டரி ஆசிட் பாக்கறத வச்சுப் பாத்து ஏமாந்துறாதீங்க.

டீசல்தாத்தா:
மீட்டரெல்லாம் அப்புறம். எத்தன டிகிரின்னு கேட்டேன், பதில் வரல. மதுரை தம்பி, உங்க வண்டி ஓடுதுங்கறது ஒரு பதிலா? பீடி குடிச்சுட்டே தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தவன் எங்க தெருவுலயும் இருந்தான்.

மதுரைமச்சான்:
அப்ப அந்த பீடி ஐஎஸ்ஓ பீடியா இருக்கும்.

வேலூர்வேன்:
சரி சொல்றேன். மே மாசம் வெளிய 41, 42 போகும். ஆனா பக்கெட்ட வெயில்லயா வச்சேன், ஷெட்டுக்குள்ள மூலைல, மேல சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்.

டீசல்தாத்தா:
சாக்கு போட்டாராம். பக்கெட்டுக்கு என்ன குளிரா? வெளிய 42ன்னா தகரத்துக்குக் கீழ இன்னும் மேல. 35க்கே ஆறு மாசம். பிப்ரவரிலேர்ந்து இப்ப செப்டம்பர், ஏழு மாசம் ஆச்சு. முடிஞ்சது கதை.

யாழ்ரொறன்ரோ:
அண்ணைமார் நீங்கள் வெயிலப் பற்றிக் கதைக்கிறியள், இஞ்ச எங்களுக்கு எதிர்ப்பிரச்சினை. மைனஸ் 11ல உது உறைஞ்சு கல்லாப் போயிடும். உறையேக்க ஊதும், அதால கானை வாய்மட்டும் நிரப்பி வைக்கக்கூடாது. ஆனா உருகினாப் பிறகு பயமில்லாமல் பாவிக்கலாம், பழுதாகாது. வாகனத்தில டாங்குக்கு ஹீட்டர் இருக்கு, எஞ்சின் ஓட ஓட உருகும். குளிர் உதுக்கு எதிரி இல்லை, சூடுதான்.

டீசல்தாத்தா:
பாத்தீங்களா, கனடாலேர்ந்தே சொல்லிட்டாரு. சூடுதான் எதிரி.

மதுரைமச்சான்:
அவரு பனியப் பத்திச் சொன்னாரு, நீங்க அதுலயும் உங்களுக்கு ஒரு ஓட்டு எண்ணிக்கிட்டீங்களே.

நெல்உழவன்:
இவ்ளோ காசு குடுத்து எதுக்குய்யா இத வாங்கறீங்க. உரக்கடைல யூரியா 45 கிலோ மூட்டையே 266 ரூபா அம்பது காசு. எங்க ஊருல ஒருத்தரு ஆர்ஓ தண்ணில கரைச்சு துணில வடிகட்டி ஊத்துறாரு.

கோவைஸ்பேனர்:
அய்யோ சாமி, அந்தப் பேச்சே வேண்டாமுங்க. உர யூரியா பூராவும் வேப்பெண்ணெ பூசினது. அதுல யூரியா செய்யறப்ப உண்டாகற பையூரெட்ங்கற கலப்பு 1.5 சதம் வரைக்கும் விடறாங்க, டெஃப்புல 0.3 தாண்டப்படாது. தண்ணில கால்சியம் கொஞ்சம் இருந்தாலும் வண்டில புகையச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் போச்சு, அத மாத்தற காசுக்கு எத்தன பக்கெட் வாங்கலாம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதுவுமில்லாம மானிய உரத்த வண்டிக்கு ஊத்துனா கேஸுங்க, வெவசாயிக்குப் போக வேண்டியது அது.

நெல்உழவன்:
வெவசாயிக்கு என்ன போகணும்னு வெவசாயிக்கே பாடம் எடுக்கறீங்களா. நடவு நேரத்துல ஒரு மூட்டைக்கு வரிசைல நின்னிருக்கீங்களா நீங்க?

கோவைஸ்பேனர்:
நானும் தோட்டங்காட்டுல பொறந்தவன்தானுங்க. சொன்னது உங்கள இல்ல, அந்த வடிகட்டற மனுசன.

டீசல்தாத்தா:
உரம், வரிசை, தோட்டம்னு திரிய எங்கயோ இழுத்துட்டுப் போகாதீங்க. ஏழு மாசம் ஆன சரக்க ஊத்தலாமா கூடாதா, அதான் கேள்வி. கூடாது.

வேலூர்வேன்:
தாத்தா, போன வருசம் பேட்டரி திரியில டிஸ்டில்டு வாட்டர் இல்லன்னா ஏசிலேர்ந்து சொட்டற தண்ணிய ஊத்துன்னு சொன்ன ஆளு நீங்கதானே? அப்ப எந்த ஐஎஸ்ஓவப் பாத்துச் சொன்னீங்க?

டீசல்தாத்தா:
அது அவசரத்துக்குச் சொன்னது. பாதிய மறைச்சுட்டுப் பேசாதீங்க. முழு பதிவையும் தேடி எடுத்துப் போடுங்க பாப்போம். லாரி, பஸ்ஸுன்னு 31 வருசம் ஓட்டினவன் நான், நீங்க வேன் வாங்கி மூணு வருசம்.

மதுரைமச்சான்:
31 வருசத்துல பிஎஸ்6 புகை விதி வந்து எத்தன வருசம் தாத்தா? 2020 ஏப்ரல்ல வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடி நீங்க ஓட்டின பழைய லாரில டெஃபும் இல்ல, டேங்கும் இல்ல. கருப்புப் புகைல பாதி மாவட்டத்துக்கு மை பூசிட்டு இப்ப வந்து…

டீசல்தாத்தா:
வாய அடக்கிப் பேசணும்.

கோவைஸ்பேனர்:
போன மாசம் நம்ம பட்டறைக்கு ஒரு ஸ்கூல் வேன் வந்துச்சுங்க. லைட் எரியுது, நாப்பதுக்கு மேல இழுக்கலன்னாங்க. எதைய ஊத்துனீங்கன்னு கேட்டா டிக்கிலேர்ந்து பாதி பக்கெட் ஒண்ணை எடுத்து வெச்சாரு. மூடி சுத்தி உப்பளத்து வரப்பாட்டம் வெள்ளையா பூத்துக் கெடக்குது. தொறந்ததும் பஸ் ஸ்டாண்டு மூத்திரக் காடி நெடி, மூக்கப் புடிச்சுட்டுத் திரும்பிட்டேன். உள்ள ஒரு பித்தளைப் புனல் ஊறிட்டு இருக்குது, அடில பச்சையா பாசம் மாதிரி. இதுல பித்தளை, செம்பு, ஜிங்க் பூசின தகரம் எதுவும் படப்படாதுங்க, பிளாஸ்டிக், இல்லாட்டி நல்ல எவர்சில்வர். மாசக் கணக்குப் பாத்தா அது வாங்கி நாலே மாசம்தான் ஆவுது. ஆறு மாசமா பன்னெண்டு மாசமான்னு நீங்க அடிச்சுக்கறீங்க, அவரு ஒரு புனல்ல சோலிய முடிச்சுட்டாரு.

டீசல்தாத்தா:
நாலு மாசத்துலயே போச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப ஏழு மாசம்?

கோவைஸ்பேனர்:
புனலுங்க!! புனலச் சொன்னேன்!!

நெல்உழவன்:
இன்னொண்ணு கேக்கணும், 20ன்னு போட்டிருக்கறது லிட்டரா கிலோவா? எங்கூருல ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி விக்கறாங்க.

கோவைஸ்பேனர்:
ஒண்ணு கெடையாதுங்க. லிட்டருக்கு 1.09 கிலோ கிட்ட வரும். 20 கிலோன்னா 18 லிட்டரும் சொச்சமும்தான். வேலூர்க்காரரு நூறு ரூபா லாபம்னு சொன்னாரே, அவரு பக்கெட்டுல என்ன போட்டிருக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க.

வேலூர்வேன்:
…கிலோன்னுதான் போட்டிருக்கு.

மதுரைமச்சான்:
😂😂😂 அண்ணே மன்னிச்சுக்கங்க, இதுவரைக்கும் உங்க கட்சிதான்.

டீசல்தாத்தா:
லேபிள் போட்டோ போடுங்க. முழுசா.

வேலூர்வேன்:
போட்டுட்டேன் மேல. பாருங்க, "தயாரித்த நாளிலிருந்து 12 மாதம்". தெளிவா இருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?

டீசல்தாத்தா:
அதுக்குப் பக்கத்துல உங்க கட்டைவிரல் இருக்கே, அதுக்கு அடில என்ன எழுதியிருக்கு?

வேலூர்வேன்:
அது கம்பெனி அட்ரஸு.

யாழ்ரொறன்ரோ:
பெருப்பிச்சுப் பாத்தன் அண்ணை. விரலுக்கு இஞ்சால "30 டிகிரிக்கு" எண்டு தெரியுது. அங்கால என்னவெண்டு தெரியேல்ல.

டீசல்தாத்தா:
30 டிகிரிக்குக் கீழ! நான் என்ன சொன்னேன்? 30ன்னா 12 மாசம், முதல் பதிவுலயே சொன்னேன்!

வேலூர்வேன்:
12 மாசம்னுதானே நானும் முதல்லேர்ந்து சொல்றேன்! இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

டீசல்தாத்தா:
நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? எத்தன டிகிரி? விரல எடுத்துட்டு இன்னொரு போட்டோ போடுங்க.

வேலூர்வேன்:
வண்டி ஒகேனக்கல் சவாரில இருக்கு. பக்கெட்டும் வண்டிலதான். ஒண்ணு நேத்தே ஊத்திட்டேன்.

கோவைஸ்பேனர்:
புனல் எதுலீங்க?