மறு: ஸ்கர்மிஷ் கேம் = பூசலாட்டம்?

அனைவருக்கும் வணக்கம்.

'ஸ்கர்மிஷ் கேம்' என்ற மேசைப் போர் ஆட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மோதலாட்டம், சிறுபோர் ஆட்டம், கைகலப்பு ஆட்டம், வெட்சியாட்டம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் 'பூசல்' என்கிறேன். மேசையில் பொம்மை வைத்துப் போர் ஆடிப் பார்க்காதவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பண்டைக்காலப் போரை மேசையில் ஆடுவதில் இரண்டு வழி உண்டு. பெரும்போர் ஆட்டத்தில் ஒரே அட்டையில் நாலைந்து பொம்மைகளை ஒட்டி, அதைச் சில நூறு பேர் கொண்ட ஒரு படைப்பிரிவாகக் கணக்கு வைப்பார்கள். தனி ஆளுக்கு அங்கே மதிப்பில்லை. ஸ்கர்மிஷ் ஆட்டத்தில் ஒரு பொம்மை என்றால் ஒரே ஒரு ஆள். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுப் பேரிலிருந்து இருபது பேர் வரை இருப்பார்கள். பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மைகள்தான். ஒவ்வொன்றும் தனித்தனிப் பீடத்தில் நிற்கும். டேப் வைத்து அங்குலக் கணக்கில் நகர்த்துகிறோம். இன்னாருக்குக் காயம், இன்னார் பயந்து பின்வாங்கினார், இன்னார் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறார் என்று ஆளுக்கு ஆள் கணக்கு. பெரும்பாலும் எதிரியை அடியோடு அழிப்பது நோக்கமாக இருக்காது. ஒரு பாலத்தைப் பிடிக்க வேண்டும், ஒரு தூதனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், மாட்டை ஓட்டிக்கொண்டு மேசையின் மறு விளிம்பைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஆக, தேடும் சொல்லுக்கு மூன்று குணம் வேண்டும்: ஆள் குறைவு, ஆயுதம் உண்டு, நோக்கம் சிறியது. 'கைகலப்பு' இரண்டாவதில் விழுந்துவிடுகிறது. அது வெறுங்கைச் சண்டை. 'மோதல்' பேருந்தும் லாரியும் மோதுவதற்கும் ஆகும், இரண்டு அணிகள் கோப்பைக்காக மோதுவதற்கும் ஆகும். எதற்கும் பொருந்துகிற சொல்லைக் கலைச்சொல்லாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டிவரும். 'சிறுபோர்' பொருளில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஆட்டம்' சேர்த்துப் புணர்த்திப் பாருங்கள்: சிறுபோராட்டம். ஆட்சியர் அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 'போர்' என்று முடிகிற எந்தச் சொல்லுக்கும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

'வெட்சியாட்டம்' எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. ஆனால் வெட்சி என்பது ஆநிரை கவர்தல், அதாவது பகைவரின் மாடுகளை ஓட்டிவருவது மட்டும். அவற்றை மீட்பதற்கு, பிற்கால இலக்கணம் கரந்தை என்று தனித் திணையே வைத்துவிட்டது. கி.மு. 425இல் கிரேக்கத்தின் ஸ்பாக்டீரியா தீவில் ஏதென்ஸ் படை ஸ்பார்ட்டர்களை வளைத்த சண்டையை ஆடும்போது அதை வெட்சி என்று எப்படிச் சொல்வது? மாடு கவரும் காட்சிக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம்.

இப்போது பூசல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு ஊர் நடுகல் இருக்கிறது. பல இடங்களில் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் வட்டெழுத்தில் இருக்கும் செய்தியின் சட்டகம் ஒன்றுதான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு கொண்டபோது மீட்டுப் பட்டான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் சண்டையில் விழுந்து இறந்தான். இந்தச் சண்டையைத் 'தொறுப்பூசல்' என்றுதான் நடுகல் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய் ஒரு கல்லின் முன் நின்று பாருங்கள். கல்லில் இருப்பது ஒரே ஒரு ஆள். கையில் வில்லோ வாளோ இருக்கும். சில கற்களில் உடம்பில் தைத்த அம்பும் தெரியும். காலருகே கெண்டியும் சிமிழும். பேரரசுகள் மோதிய போர்க்களம் அதில் இல்லை. ஓர் ஊர், ஒரு மந்தை, சில ஆட்கள், அதில் விழுந்த ஒருவனுடைய பெயர். ஒரு பொம்மைக்கு ஒரு ஆள் என்ற கணக்கு அப்படியே அங்கே இருக்கிறது. இந்த அளவுச் சண்டைக்கு இந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்?

> பூசல் என்றால் இன்று உட்கட்சிப் பூசல்தானே ஐயா? பிள்ளைகள் வாய்ச்சண்டை என்று நினைக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி. செய்தித்தாள் 'உட்கட்சிப் பூசல்' என்று எழுதும்போதும் அது சிறு குழுக்களுக்கு இடையிலான, எல்லைக்குட்பட்ட சண்டையைத்தான் குறிக்கிறது. வாள் போய்விட்டது, அளவு மாறவில்லை. பழந்தமிழில் பூசலுக்குப் போர் என்ற பொருளும் பேரொலி என்ற பொருளும் உண்டு. 'ஆட்டம்' சேர்ந்துவிட்டால் குழப்பமும் குறையும்: பூசலாட்டம், பூசல்களம், பூசற்குழு. வாயில் சுலபமாக வருகிறது. மேசையின் அந்தப் பக்கம் நிற்பவரிடம் உரக்கச் சொன்னாலும் தெளிவாகக் கேட்கிறது. எனக்கு இது முக்கியம். கலைச்சொல் அகராதியில் மட்டும் கிடந்தால் போதாது, பகடை உருளும்போது சொல்ல வர வேண்டும்.

இன்னொரு சொல்லும் நடுகல்லிலிருந்தே கிடைத்தது. விழுந்த பொம்மையை மேசையிலிருந்து எடுக்கும்போது 'கேஷுவல்டி', 'அவுட்' என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் பாலக்கோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர் மாடு மீட்கும் காட்சியை ஆடியபோது, தன் வில்லாளியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பட்டான் அண்ணா" என்றார். அதற்குப் பிறகு யாரும் 'அவுட்' சொல்வதில்லை. விதிப்புத்தகத்தைத் தமிழில் எழுதும்போது 'பட்டவர்' என்றே போடலாம்.

அடுத்து, இந்த இழையில் எல்லாரும் கலந்துவிட்ட ஒன்று. ஸ்கர்மிஷ் வேறு, ஸ்கர்மிஷர் வேறு. பூசலில் இருப்பவரெல்லாம் 'பூசலர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிவராது. கனத்த கேடயம் தாங்கிய கிரேக்க ஹாப்லைட்டும் பூசலில் வரலாம். அவர் ஸ்கர்மிஷர் ஆகிவிட மாட்டார். ஸ்கர்மிஷர் என்பது சண்டையின் அளவைக் குறிப்பதில்லை, அவர் நிற்கும் முறையைக் குறிக்கிறது. நெருங்கி நிற்காமல் பரந்து நின்று, எறிந்துவிட்டுப் பின்வாங்கி, மறுபடி வந்து எறிபவர். கி.மு. 390இல் கொரிந்துக்கு அருகே லெக்கேயத்தில் ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரட்டீஸின் பெல்டாஸ்டுகள், அதாவது இலேசான கேடயம் ஏந்திய ஈட்டி எறிவோர், இதைத்தான் செய்தார்கள். ஏறத்தாழ 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் பிரிவு துரத்தி வந்தபோதெல்லாம் ஓடினார்கள். அது திரும்பியதும் ஈட்டி எறிந்தார்கள். ஸ்பார்ட்டர் சுமார் 250 பேர் பட்டார்கள். கேடயத்தின் கனமே அவர்களுக்கு எதிரியாகிவிட்டது. ஆட்டத்தில் இதைக் கொண்டுவர, எறிந்தபின் சில அங்குலம் பின்வாங்கலாம் என்று ஒரு விதி வைப்பார்கள். அந்த விதி யாருக்கு, யாருக்கில்லை என்று சொல்லத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

இதற்குத் 'தூசிப்படை' என்ற பரிந்துரை வந்தது. படையின் முன்னணிக்குத் தூசி என்பது நல்ல பழஞ்சொல். ரோமானிய வெலிட்டெஸ் வீரர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். லீஜியன் என்ற ரோமானியப் பெரும்படைப்பிரிவுக்கு முன்னால் போய் ஈட்டி எறிந்துவிட்டு இடைவெளி வழியாகத் திரும்பியவர்கள் அவர்கள். யார் துணிச்சலாகப் போரிடுகிறார் என்று அதிகாரிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரிவதற்காகத் தலைக்கவசத்தின்மேல் ஓநாய்த் தோல் போட்டுக்கொள்வார்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்கிறார். பெயின்ட் அடிக்க மிக அழகான பொம்மைகள். ஆனால் லெக்கேயத்து பெல்டாஸ்டுகள் எந்தப் படைக்கும் முன்னணியாக நிற்கவில்லை. இடத்தைச் சொல்லும் சொல் இங்கே உதவாது. நிற்கும் முறையைச் சொல்ல வேண்டும். என் பரிந்துரை 'விரியணி'. எதிர்ச்சொல் 'செறியணி'. ஹாப்லைட் செறியணி வீரர், பெல்டாஸ்ட் விரியணி வீரர். "விரியணி வீரருக்குப் புதரில் வேகம் குறையாது" என்று விதி எழுதினால் படித்தவுடன் புரிகிறது.

மற்றவை சுருக்கமாக. மினியேச்சருக்கு எழுத்தில் 'சிற்றுரு', பேச்சில் பொம்மை. 'நுண்ணுரு' வேண்டாம், அதை மைக்ரோவுக்கு விட்டுவிடலாம். டைஸ் என்பதற்குப் பகடை. தாயக்கட்டை நீளமானது, நாலே பக்கம் உள்ளது, இங்கே பொருந்தாது. ஓடிப்போவதற்குப் 'புறங்கொடுத்தல்' இருக்கிறது. டெரெய்னுக்கு 'நிலவமைப்பு' போதும். எங்கள் மேசையில் அது தெர்மாக்கோல் குன்றும், தென்பெண்ணை ஆற்றோரம் பொறுக்கிய கூழாங்கல்லும்தான்.

காட்சி எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில், பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளுக்காகப் பட்ட கருந்தேவக்கத்தியோடு அவருடைய நாய் கோவிவனும் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று பெயரோடு எழுதியிருக்கிறார்கள். தொறுப்பூசல் காட்சியில் நாய்க்கும் ஒரு பீடம் கொடுங்கள். வேகம் அதிகம், எறிபடை இல்லை, தலைவர் பட்டாலும் புறங்கொடுக்காது என்று வைத்தால் சரியாக இருக்கும்.

மிச்சம் இருப்பது 'ஆக்டிவேஷன்'. ஒரு சுற்றில் எந்த ஆளை எழுப்பி நகர்த்துகிறோம் என்பது. 'ஏவல்' என்று நினைக்கிறேன்: "இந்தச் சுற்றில் மூன்று ஏவல்", "வில்லாளியை ஏவுகிறேன்". ஏவுகணை நினைவுக்கு வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் மாற்றுச் சொல்லை எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து