கண்ணகி சடங்கு பற்றிய தமிழ் நூலை மேற்கோள் கணக்கில் காட்டுவது எவ்வாறு?

படுவான்கரை:
பெரியோர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் சமயங்கள் பற்றிய ஆய்வும் கற்பித்தலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பதவியுயர்வு விண்ணப்பத்துடன் வெளியீட்டுப் பட்டியலையும், கூகிள் ஸ்கொலர் காட்டும் மேற்கோள் எண்ணிக்கை, எச்-சுட்டெண் ஆகியவற்றையும் இணைக்கும்படி கேட்டிருக்கிறார்கள். எனது எட்டு ஆங்கிலக் கட்டுரைகளுக்கும் முறையே 25, 14, 9, 6, 5, 4, 2, 1 என மேற்கோள்கள் உள்ளன, சுட்டெண் 5, அதாவது ஐந்து கட்டுரைகளுக்குத் தலா ஐந்து மேற்கோள்களாவது உண்டு. ஆனால் வைகாசியில் மட்டுமே கதவு திறக்கும் கண்ணகி கோயில்களுக்கு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து சென்று, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கைப் பற்றி எழுதிய தமிழ் நூலுக்கு அங்கே ஒரு மேற்கோளும் இல்லை. தமிழ் ஆய்விதழ்களிலும் மாணவர் ஆய்வேடுகளிலும் அந்நூல் எடுத்தாளப்பட்ட 31 இடங்களை நானே தேடிக் குறித்து வைத்திருக்கிறேன். என் உழைப்பில் பெரும்பகுதி பூச்சியமாகத் தெரிவது மிகுந்த வேதனை தருகிறது. இவற்றைச் சேர்த்தால் சுட்டெண் எவ்வளவு உயரும்?

கல்முனை நூலகர்:
வருத்தமான விடைதான், அம்மா: சுட்டெண் உயராது. 31ஐ முதலில் வைத்து வரிசைப்படுத்தினால் 31, 25, 14, 9, 6, 5 என வரும். சுட்டெண் 6 ஆவதற்கு ஆறாவது வெளியீட்டுக்குக் குறைந்தது 6 மேற்கோள்கள் வேண்டும். அதற்கு 5தான் இருக்கிறது. ஒரு நூல் முந்நூறு முறை எடுத்தாளப்பட்டாலும் சுட்டெண்ணில் அதன் பங்கு ஒன்றுக்கு மேல் போகாது. மொத்த மேற்கோள் மட்டும் 66இலிருந்து 97 ஆகும்.

நூல் அங்கே தென்படாததற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். நமது பகுதியின் தமிழ் ஆய்விதழ்கள் பல நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கம், இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற தொடராகவே கிடைக்கிறது. ஆகவே உசாத்துணைப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தும் அது கணக்கில் ஏறுவதில்லை. படமாக மட்டும் வருடப்பட்ட பக்கங்களுக்கும் இதே நிலைதான். உங்கள் தமிழ் ஆக்கங்களையாவது இயந்திரம் வாசிக்கக்கூடிய யுனிகோட்டுக்கு மாற்றி, உசாத்துணையுடன் உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
தங்கச்சி, இந்தச் சுட்டெண்ணை 2005இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். ஆண்டுக்குப் பல சிறு கட்டுரைகள் வெளியாகும் துறைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒரு சடங்கின் பாடலையும் பூசாரி மரபையும் ஊர்க்குடிகளின் உரிமையையும் ஒரே நூலில் பொருத்திக் காட்ட ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் துறைக்கு அது பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. பத்தினி, அதாவது கண்ணகி வழிபாடு குறித்துக் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலைத் தொடாமல் இன்றும் இவ்விடயத்தில் எவரும் எழுதுவதில்லை. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. இம்மண்ணைப் பற்றி எழுதுவோர் இன்னமும் அதனிடம்தான் முதலில் செல்கிறார்கள். கூகிள் ஸ்கொலரில் கடைசி ஐந்தாண்டுகளைத் தனியே காட்டும் நிரலில் இத்தகைய நீண்ட ஆயுள் எவ்வாறு தெரியும்?

ஆகவே எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். ஆய்வு அளவீடுகளை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றி 2015இல் வெளியான லைடன் அறிக்கை, உள்ளூர் முக்கியத்துவம் உள்ள ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்றும், அளவீடு அறிஞர் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டுமே இருக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. அதைக் குறிப்பிட்டு, 31 இடங்களையும் பக்க எண்ணுடன் பின்னிணைப்பாக வையுங்கள். எவர், எந்த வாதத்துக்காக உங்கள் நூலைப் பயன்படுத்தினார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மறுத்து எழுதியவர்களையும் விடாதீர்கள். மறுப்பும் தாக்கத்தின் அடையாளமே.

படுவான்கரை:
மிக்க நன்றி, ஐயா. இருவர் என்னை மறுத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அவர்களையும் சேர்க்கிறேன். இன்னொரு ஐயம்: தந்தையின் முதலெழுத்துடன் சில இடங்களிலும், முழுப்பெயருடன் சில இடங்களிலும் எனது பெயர் அச்சாகியுள்ளது. இதனால் எண்ணிக்கை சிதறுமா?

கல்முனை நூலகர்:
சிதறும். ஒரே கட்டுரை இரண்டு பதிவுகளாகத் தென்பட்டால் உங்கள் சுயவிவரப் பக்கத்தில் இரண்டையும் தெரிவுசெய்து இணைத்துவிடலாம், மேற்கோள்களும் ஒன்றாகும். ஆய்வாளரைத் தனித்து அடையாளங்காட்டும் ஓர்கிட் எண் ஒன்றைப் பெற்று, இனி எல்லா வெளியீட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலையே கொடுங்கள். தமிழ் நூலின் பதிவை நீங்களே கையால் சேர்க்கவும் முடியும். விண்ணப்பத்தில் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் எண்ணையும் கேட்டால் திகைக்க வேண்டாம்; ஆய்வேடுகளை அது பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை என்பதால் அங்கே எண் குறைவாகவே இருக்கும். எண்ணை எடுத்த தளத்தையும் திகதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.